ஜாங்கான் செந்து

விடிகாலை நாலு மணிக்குப் பேருந்து. தோட்டத்துக் கணக்கில் அது பெரட்டு நேரம். எங்கள் பாட்டிமார் அந்த நேரத்தில் எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கிராணி பேர் கூப்பிடும் களத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அதே நேரத்தில் எழுந்து, ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் பேர் கூப்பிட வரிசையாக நின்றார்கள். மூன்று தலைமுறையில் ஏற்பட்ட முன்னேற்றம், பொட்டலத்துக்குள் இருந்த நெத்திலி.

இதற்கு அரசாங்கம் வைத்த பெயர் 'லாவாத்தான் சம்பில் பெலாஜார்'. சுற்றிக்கொண்டே படிப்பதாம். நான் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துச் செயலவையில் ஒரு மூலை. வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு பிளாஸ்டிக் பை நீட்டுவது என் இலாகா.

போகிற இடம் கெடா மாநிலத்து மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம். ஜாசின் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். "அவ்வளவு தூரம் எதுக்குங்க, நம்ம மலாக்காவுலயே மியூசியம் இல்லையா?" என்று ஓர் அம்மா கேட்டார். இல்லாமலா? மலாக்கா டவுனில் தடுக்கி விழுந்தால் மியூசியத்துக்குள்தான் விழவேண்டும். பட்டத்துக்கு ஒன்று வைத்தார்கள். அழகுக்கு ஒன்று வைத்தார்கள். உலகத்தில் யார் யார் பல்லை ராவினார்கள், யார் யார் உதட்டை இழுத்து நீட்டினார்கள் என்று அங்கே தெரிந்துகொள்ளலாம். தபால்தலைக்கு ஒன்று, சுங்க இலாகாவுக்கு ஒன்று, சிறைச்சாலைக்கு ஒன்று, அம்னோ கட்சிக்கு ஒன்று. ஆயர் குரோவில் தேனீக்குக்கூட ஒன்று. தேனீ உழைக்கும் சாதி, அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை பிடித்து மரம் சீவி, மங்கு மங்காகப் பால் எடுத்த இன்னோர் உழைக்கும் சாதி இதே மாநிலத்தில் இருந்தது. அதற்கென்று ஒரு கூடத்தை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. கொட்டத் தெரிந்திருந்தால் வைத்திருப்பார்களோ என்னவோ.

ஆற்றங்கரையில் பெரிய மரக்கப்பல் ஒன்று நிற்கிறது, 'ஃப்ளோர் டி லா மார்' என்ற போர்த்துகீசியக் கப்பலின் நகல். 1511இல் அல்புகர்க் மலாக்காவைப் பிடித்து, வழித்துத் துடைத்து, துடைத்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கப்பல் சுமத்ராக் கரையோரம் மூழ்கிப்போனது. வீட்டைக் கொள்ளையடித்தவன் ஓட்டி வந்த வண்டியைப்போல ஒன்று செய்து முற்றத்தில் நிறுத்திவைத்து, பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்கிக் காட்டுகிற ஒரே ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்தக் கப்பல் வந்த காலத்தில் மலாக்காத் துறைமுகத்துக்கு நாலு ஷாபண்டார்கள், அதாவது துறைமுக அதிகாரிகள். அவர்களில் ஒருவருடைய பொறுப்பில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் ஆட்களும் இருந்தார்கள். அப்போது நமக்கு 'கிளிங்' என்று பெயர். அது வசவாக மாறியதெல்லாம் பிறகு. நீனா சாத்து என்கிற நம் வணிகர் போர்த்துகீசியருக்கு உதவி, அவர்களிடமே பெண்டஹாரா பதவி வாங்கினார். 1514இல் பதவியைப் பிடுங்கினார்கள். சிதை மூட்டி அதில் இறங்கிவிட்டார். பதவி போனதற்கு மானப்பட்டு நெருப்பில் இறங்கிய கடைசித் தமிழ்த் தலைவர் அவராகத்தான் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு வந்தவர்கள் பதவி போனால் செனட்டர் ஆகப் பார்க்கிறார்கள்.

பேருந்து தாப்பாவைத் தாண்டும்வரை பிள்ளைகள் தூங்கினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, மனசுக்குள் ஒரு சுவர் ஓடிக்கொண்டிருந்தது.

2006இல் மலாக்கா டவுனில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுழலும் கோபுரம் ஒன்று கட்டத் தோண்டினார்கள். மண்ணுக்கடியில் பழைய கல்கட்டு தட்டுப்பட்டது. டச்சுக்காரர் காலத்து மிடல்பர்க் கொத்தளம். உடனே வேலை நின்றது. நிபுணர்கள் வந்தார்கள். 110 மீட்டர் உயரத்துக் கோபுரம், பூமிக்கடியில் கிடந்த சுவருக்கு "மன்னிக்கணும் பெரியவரே" என்று வழிவிட்டு, பண்டார் ஹிலிரில் வேறு இடத்துக்குப் போய் நின்றது. கொத்தளத்தைத் திரும்பக் கட்டி, பீரங்கியும் வைத்தார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் மலாக்காவும் ஜார்ஜ் டவுனும் சேர்ந்து ஏறின. இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாகரிகம் உள்ள நாடு அப்படித்தான் செய்யவேண்டும். ஆக, இந்த நாட்டுக்குச் செய்யத் தெரியும். தெரியாது என்ற சாக்கு 2006லேயே செத்துப்போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மெர்போக் போனதும் தேவைப்படும்.

குனோங் ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கிறது அருங்காட்சியகம். 1980இல் திறந்தார்கள். பக்கத்தில் ஓடை சலசலவென்று ஓடுகிறது. பிள்ளைகளுக்கு வரலாற்றைவிட ஓடைமேல்தான் கண். மேட்டில் புக்கிட் பத்து பகாட் சண்டி. 1960 வாக்கில் அலெஸ்டர் லாம்ப் என்ற ஆங்கிலேயர் முன்னின்று திரும்ப அடுக்கிய கோயில். கூரை இல்லை. தூண்களைத் தாங்கிய கல்பீடங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின்மேல் நின்ற மரத்தூண்களை மழை தின்றுவிட்டது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் கல்பெட்டிகள், ஒன்பது குழி வெட்டி, கோயில் அடியில் பொன்னும் மணியும் வைத்துப் புதைத்தவை. எல்லா மியூசியத்திலும் இருக்கிற பலகை இங்கேயும் உண்டு: 'ஜாங்கான் செந்து.' தொடாதே.

வெளியே கல்லில் வெட்டிய ஒரு நீர்த்தாரை. டீச்சர் பயிற்சித்தாளைப் பார்த்து அதன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், வழியெல்லாம் வாந்தி எடுத்து என்னை வேலை வாங்கியவன், எட்டிப் பார்த்துவிட்டு, "இது அபிசேகத் தண்ணி வெளிய போற வழி, டீச்சர். எங்க தோட்டத்துக் கோயில்லயும் இருந்துச்சி. பூ அடைச்சிக்கிட்டா நாந்தான் குச்சி விட்டுக் குத்துவேன்" என்றான்.

தொல்லியல் படித்தவர்கள் அதை சோமசூத்திரம் என்பார்கள். பையன் அதில் குச்சி விட்டவன். பத்து வயதில் அந்தத் துறையில் அவனுக்குக் கள அனுபவம் இருக்கிறது.

"இப்ப அந்தக் கோயிலு?" என்று கேட்டேன்.

"ஒடைச்சிட்டாங்க அங்கிள். இப்ப அங்க தாமான் வந்துருச்சி. சாமியெல்லாம் ரோட்டோரத்துல, தகரக் கொட்டாயில."

அருங்காட்சியகத்து மதிலுக்கு வெளியே, அதே பள்ளத்தாக்கில், சுங்கை பத்துத் தோட்டம் இருக்கிறது. தோட்டம் என்கிற சொல்லைக் கவனியுங்கள். அங்கே 11ஆம் எண் சண்டி என்று ஒன்று இருந்தது. 1930களின் பின்பாதியில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் மனைவி டோரதியும் இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது இடங்களைத் தோண்டி, எண் போட்டு, அச்சிலும் ஏற்றிவிட்டுப் போனார்கள். எண் போட்டது வெள்ளைக்காரன். நம்மவர்கள் செய்யவேண்டியிருந்தது, அந்த எண்ணைப் படிப்பது மட்டும்தான்.

2013 டிசம்பரில் செய்தி வெளியானது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியதில் 11ஆம் எண் சண்டி புல்டோசருக்கு இரையாகிவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பூஜாங் ஆய்வு வட்டத்தைச் சேர்ந்த டத்தோ வி. நடராஜனும் பினாங்கின் அன்றைய துணை முதல்வர் பி. இராமசாமியும் கத்தினார்கள். விளக்கம் வந்தது: நிலம் எப்போதோ தனியாருக்குப் போய்விட்டது, அந்த இடம் கெசட் செய்யப்படவில்லை.

கெசட்! தமிழில் இதற்கு 'அரசிதழில் வெளியிடுதல்' என்பார்கள். நான் மொழிபெயர்க்கிறேன்: ஒரு கோயில் ஆயிரம் வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்று தான் இருப்பதை நிரூபித்தால் போதாது, இருப்பதாக ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்யவேண்டும். மிடல்பர்க் கொத்தளம் கெசட்டைக் கையில் பிடித்துக்கொண்டா மண்ணுக்கடியில் கிடந்தது? யாருமே அறியாமல் புதைந்திருந்த டச்சுச் சுவருக்காக 110 மீட்டர் கோபுரம் நகர்ந்தது. எண் போட்டு, வரைபடத்தில் குறித்து, எழுபது வருஷமாகப் புத்தகத்தில் இருந்த சண்டிக்காக ஒரு புல்டோசர் நகரவில்லை. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005லேயே வந்துவிட்டது. நிலம் மாநிலத்து இலாகா, மரபுச் சட்டம் மத்திய இலாகாவின் கையில். இரண்டு இலாகாவும் ஒன்றையொன்று நோக்கி விரல் காட்டிக்கொண்டிருந்த இடைவெளி, ஒரு புல்டோசர் நுழையும் அளவுக்கு அகலமாக இருந்தது. அதை ஓட்டி வந்தவருக்கு முன்னால் மட்டும் ஒருவரும் ஒரு பலகை நட்டு வைக்கவில்லை. 'ஜாங்கான் செந்து' பத்து வயதுப் பையனுக்கு.

நம் தரப்புக்கு வருகிறேன். அங்கே நாற்றம் குறைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள்.

சண்டி இருந்தவரைக்கும் நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? இடிந்தது தெரிந்த மறுநாள் நாடு முழுக்கத் தமிழ் மண்டபங்களில் சோழர்கள் முளைத்தார்கள். பொன்னாடை, ரோஜா மாலை, மேடை. "கடாரம் கொண்டவன் பரம்பரையடா நாம்!" கைதட்டல். அடுத்து மகஜர். மகஜர் கொடுக்கும்போது படம். படத்துக்குப் பிறகு மீகூனும் தே தாரேக்கும். மலேசியத் தமிழனின் வரலாற்றை எதிர்காலத்தில் எவனாவது தோண்டினால், மண்ணடுக்கு மண்ணடுக்காக மகஜர்தான் கிடைக்கும்.

கடாரம் கொண்டது யார்? 1025இல் இராசேந்திரன் கப்பல் விட்டு வந்து அடித்துவிட்டுப் போனான். அவன் தகப்பன் இராசராசன் காலத்தில் இதே கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் கட்டினான்; அதற்கு இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான். அப்பன் விருந்து வைத்த வீட்டை மகன் போய்ச் சூறையாடினான். இதில் எதைப் பிடித்துக்கொண்டு நாம் மீசை முறுக்குகிறோம் என்றால், சூறையாடியதை. ஊர் எழுதிக் கொடுத்ததைச் சொல்ல ஒரு மேடை இல்லை. போகட்டும், பேருந்தில் நான் பிள்ளைகளிடம் கடாரம் தெரியுமா என்று கேட்டேன். ஒட்டுமொத்தமாகக் கை தூக்கினார்கள். "விக்ரம் படம், அங்கிள்!"

இன்னொரு கட்சி இருக்கிறது. அவர்களுக்குப் பூஜாங்கில் எதைக் கண்டாலும் இந்தியச் சாயல் இல்லாமல் இருக்கவேண்டும். 2009 முதல் சுங்கை பத்துவில் அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும், காற்று ஊதிய களிமண் குழாய்களையும் குவியல் குவியலாக எடுத்தார்கள். அருமையான வேலை. இந்த மண்ணின் சொந்தக் கைகள் இரும்பு உருக்கிக் கப்பலேற்றியிருக்கின்றன. சோழன் வந்து கண் திறந்துவிடவில்லை. இது நம் மேடைச் சோழர்களுக்குக் கசக்கும். அதே மண்ணில் லிங்கம் வைத்த ஆவுடையும், பிள்ளையாரும், புத்தரும் வருகிறார்கள். இது மற்றவர்களுக்குக் கசக்கும். "எல்லாம் எங்களது" என்று ஒருவன், "எதுவும் உங்களது இல்லை" என்று இன்னொருவன். இந்த இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நடுவில் கிடந்த கல்லைக் கவனிக்க ஒருவருக்கும் நேரமில்லை. கல்லுக்குப் பேரம் பேசியவனுக்கு மட்டும் நேரம் இருந்தது; அவன் சதுர அடியில் பேசினான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பயிற்சித்தாள். 'உன் வசிப்பிடத்துக்கு அருகில் உள்ள வரலாற்றுச் சிறப்புமிக்க இடம் ஒன்றைக் குறிப்பிடுக.' எல்லாப் பிள்ளைகளும் 'ஆ ஃபமோசா' என்று எழுதினார்கள். குச்சி விட்ட பையன் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்து, 'ஆயாக்கொட்டகை' என்று எழுதினான். அவன் பாட்டி அங்கே ஆயாவாக இருந்து, பால்வெட்டுக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவராம். டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடி வைத்துவிட்டார். நல்ல டீச்சர்.

ஆயாக்கொட்டகை ஏன் வரலாறு இல்லை? இந்த நாட்டு வணிக ரப்பரே எங்கள் மாநிலத்தில் தொடங்கியது. 1896இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கர் போல ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிதாகப் போனார். விதை கொடுத்த ரிட்லி துரை பாடப்புத்தகத்தில் இருக்கிறார். நட்ட டான் சே யான் பெயரில் டவுனில் ரோடு இருக்கிறது. 1907இல் குடியேற்ற நிதி என்று ஒன்று வைத்து, கப்பல் கூலி கட்டி, கங்காணி மூலம் கொண்டுவந்து இறக்கிய நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? 'தொழிலாளர் தேவை நிறைவு செய்யப்பட்டது' என்ற வகையில் செயப்பாட்டு வினையில் இருக்கிறார்கள். 1967இல் அதே புக்கிட் அசஹானின் தோட்டத் தொழிலாளர்கள் கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தச் செருப்பு இருக்கிறது? அரசாங்கம் எடுத்து வைக்கவில்லை, சரி. நாம் வைத்தோமா? கல்யாண மண்டபத்துக்குக் குளிர்சாதனம் போட வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, ஒரு பால்வெட்டுக் கத்தி, ஒரு மங்கு, ஒரு செக்ரோல் புத்தகம் எடுத்து அலமாரியில் வைக்கத் தோன்றியதா? தோட்டங்களைத் துண்டாடினார்கள், விற்றார்கள், செம்பனை போட்டார்கள், தாமான் போட்டார்கள். மங்கை நாம் செடி வைக்க எடுத்துக்கொண்டோம்.

திரும்பும் வழியில் கண்ணயர்ந்தபோது எனக்கு ஓர் ஆய்வறிக்கை தோன்றியது. ஆண்டு 2525. ஜாசின் வட்டாரத்தில் தாமானுக்கு அடியில் தாமான் என்று தோண்டிக்கொண்டு போன அறிஞர்கள், அடியிலுள்ள அடுக்கில் விசித்திரமான ஓர் இனத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். 'இவர்கள் முதுகோடு முதுகு ஒட்டிய சிறு அறைகளில், நேர்க்கோட்டில் வாழ்ந்தனர். இவ்வகைக் குடியிருப்புக்கு லயம் என்று பெயர். இவர்கள் இசையில் நாட்டமுடையோர் எனத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான களிமண் கிண்ணங்கள் கிடைத்துள்ளன. எதிலும் உணவின் தடயம் இல்லை. வெள்ளைநிறத் திரவம் ஒன்றைத் தெய்வத்துக்குப் படைத்து, தாங்கள் பட்டினி கிடந்திருக்கலாம். தெய்வத்தின் பெயர் துரை. சிவப்பு நிற அடையாள அட்டைகள் பல கிடைத்தன. அவற்றின்படி, இம்மண்ணில் பிறந்தும் இவர்களில் பலர் இங்கே பிறக்கவில்லை. நான்கு தலைமுறை எலும்புகள் ஒரே இடத்தில் கிடக்கின்றன. ஆயினும் ஒரு நிலக் கிரான்கூடக் கிடைக்கவில்லை. ஆகவே இவர்கள் நாடோடிகள் என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது.'

கீழே அடிக்குறிப்பு: 'இவ்விடம் கெசட் செய்யப்படவில்லை.'

பேருந்து பள்ளிக்கூட வாசலுக்கு வந்தபோது ராத்திரி பத்தரை. பெயர்ப்பலகையில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் இருக்கிறது. லாடாங் எங்கேயும் இல்லை. மரம் போய், லயம் போய், கோயில் போய், மிச்சம் கிடப்பது பலகையில் அந்த ஒரு சொல். மலாக்காவின் 21 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் பெயரில் இப்படி ஒரு செத்த தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் செயலவைக் கூட்டம். அடுத்த வருஷத்துச் சுற்றுலா எங்கே என்று பேச்சு. பழைய தோட்டம் இருந்த இடத்துக்கே பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகலாம், பெரட்டுக் களம் எது, ஆயாக்கொட்டகை எது என்று பாட்டிமாரை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று எழுந்து சொன்னேன். அரைக் கிலோமீட்டர் தூரம், பேருந்துச் செலவும் மிச்சம்.

தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அங்க இப்ப கேட் போட்டுட்டாங்க சார். கார்டுகிட்ட ஐ.சி. குடுத்து, உள்ள யார் வீட்டுக்குப் போறோம்னு எழுதணும். நாம யார் வீட்டுக்குப் போறோம்னு எழுதறது?"

எனக்குப் பதில் வரவில்லை. பொருளாளர், நீர் விளையாட்டுப் பூங்காவில் குழுவாகப் போனால் தள்ளுபடி உண்டு, மத்தியானம் கோழிப் பொரியலோடு சாப்பாடும் சேர்த்தி என்று துண்டறிக்கையை நீட்டினார். ஏகமனதாக நிறைவேறியது. கை தூக்கியவர்களில் நானும் உண்டு.